அம்மா, அந்தத் தாத்தாவ ஏன் கயிறு கட்டி இழுக்கிறாங்க?

கேள்வி: என் பொண்ணுக்கு எட்டு வயசு. ஸ்கூலுக்குப் போற வழியில ஒரு ரவுண்டானா, அது நடுவுல ஒரு சிலை. "இவரு யாரும்மா"ன்னு கேட்டப்ப எனக்கே தெரியல, "நாட்டுக்கு நல்லது செஞ்ச பெரியவர்"னு சொல்லி வெச்சேன். போன வாரம் போன்ல ஒரு பழைய வீடியோ வந்துச்சு, இங்கிலாந்துல 2020-ல ஒரு சிலைக்கு கயிறு கட்டி இழுத்து, உருட்டிட்டுப் போயி தண்ணியில தள்ளுனாங்களே, அதுதான். பாத்ததுல இருந்து விடவே இல்ல. நல்லவருக்குத்தானே சிலை வெப்பாங்க, அப்புறம் ஏன் தள்றாங்க, கெட்டவர்னா எதுக்கு வெச்சாங்க, சிலையெல்லாம் ஏன் ஆம்பளையாவே இருக்கு, கடைசியா "உனக்கு ஏம்மா சிலை இல்ல"ன்னு ஒண்ணு. என்ன சொல்றதுன்னு தெரியல. எட்டு வயசு குழந்தைகிட்ட அடிமை வியாபாரத்தப் பத்தியெல்லாம் பேசலாமா?

பதில்: வணக்கம்ங்க. உங்க லெட்டர படிச்சதும் சிரிப்புதான் வந்துச்சு, தப்பா எடுத்துக்காதீங்க, ஏன்னா "நாட்டுக்கு நல்லது செஞ்ச பெரியவர்"ங்கிற அதே வரிய நானும் வருஷக்கணக்கா சொல்லிட்டு இருந்தவதான். மியூசியத்துல ஸ்கூல் பசங்கள சுத்திக் காட்டுற வேலை எனக்கு, ஒரு பேட்ச்சுக்கு நாப்பது அம்பது பேர், வரிசையா நிக்க வெச்சு ஒவ்வொரு சிலைக்கும் ஒரு வரி சொல்லி நகத்திட்டே போகணும். ஒரு தடவ ஒரு பையன், ஆறாவது படிக்கிறவனா இருப்பான், ஒரு ராணுவ அதிகாரி சிலை முன்னாடி நின்னுட்டு "இவரு நிஜமாவே யாரையாவது கொன்னுருக்காரா மிஸ்"னு கேட்டான். "அதெல்லாம் அப்புறம் பேசலாம், லைன்ல போ"ன்னு தள்ளிவிட்டுட்டேன். அவரு கொன்னுருந்தாரு, நிறைய பேர, அது எனக்குத் தெரியும். பீடத்துல அத "வீரம்"னு எழுதி வெச்சிருந்தாங்க. அன்னைக்கு அந்தப் பையன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே போனது இன்னும் கண்ணுல நிக்குது, அதுக்கப்புறம்தான் நான் பேசுற விதத்தையே மாத்தினேன்.

மாத்தினது ஒரே ஒரு விஷயம். பசங்க "இவரு யாரு"ன்னு கேட்டா நான் இப்ப முதல்ல திருப்பிக் கேக்குறது, "இவர இங்க யாரு கொண்டாந்து நிக்க வெச்சிருப்பாங்க?" அவ்ளோதான். ஏன்னா குழந்தைங்களுக்கு சிலைங்கிறது மரம், மலை மாதிரி. அவங்க பொறக்குறதுக்கு முன்னாடியே அங்க இருக்கு, அதனால எப்பவுமே இருந்த மாதிரி ஒரு நெனப்பு. அது தானா முளைக்கல, யாரோ ஒருத்தருக்கு ஆச வந்து, நாலு பேர சேத்து கமிட்டி போட்டு, காசு வசூல் பண்ணி, இடத்துக்கு அனுமதி வாங்கி, சிற்பியப் பிடிச்சு, மெழுகுல அச்சு எடுத்து வெண்கலத்த உருக்கி ஊத்தி, ஒரு நாள் குறிச்சு துணிய விலக்கி கைதட்டினாங்கன்னு சொன்னதும் அவங்க மூஞ்சி மாறும் பாருங்க. அப்ப சிலைய வெச்ச ஆளுங்கன்னு ஒரு கூட்டம் தனியா இருக்கு. உங்க பொண்ணு மாட்டிக்கிட்டு இருக்கிற "நல்லவரா கெட்டவரா" முடிச்சு அவுறது இந்த இடத்துலதான்.

வீட்டுலயே இத ஆரம்பிக்கலாம். ஹால் சுவத்துல இருக்கிற போட்டோக்கள அவளையே எண்ணச் சொல்லுங்க. யாரு போட்டோ இருக்கு, யாரு மாட்டினது, யாரு போட்டோ இல்ல, ஏன் இல்ல. (இந்த கடைசி கேள்விக்கு ரெடியா இருந்துக்கங்க, எங்க வீட்டுல இத பண்ணப் போயி ஒரு பெரியப்பா ஏன் எந்தப் போட்டோலயும் இல்லங்கிற முப்பது வருஷத்து சண்டை வெளிய வந்துடுச்சு.) சுவத்துல இல்லாதவங்க குடும்பத்துலயே இல்லாம போயிடல, சுவத்துல இருக்கிறவங்க எல்லாரும் தங்கமான மனுஷங்களும் இல்ல, மாட்டினவங்களுக்கு யாரு மேல மரியாதையோ அவங்க இருக்காங்க. இது புரிஞ்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது.

இப்ப அந்த வீடியோவுக்கு வருவோம். அது பிரிஸ்டல்ங்கிற ஊரு, 2020 ஜூன் 7. தண்ணியில விழுந்தவர் பேரு எட்வர்ட் கோல்ஸ்டன், 1636-ல பொறந்து 1721-ல இறந்தவரு. ஆப்பிரிக்கால இருந்து மனுஷங்கள பிடிச்சுட்டு வந்து கப்பல்ல ஏத்தி வித்த ஒரு கம்பெனில பெரிய பொறுப்புல இருந்தாரு. அவரு அங்க இருந்த காலத்துல சுமார் 84,000 பேர அப்படி ஏத்திட்டுப் போனதாவும் அதுல சுமார் 19,000 பேர் வழியிலயே செத்துப் போனதாவும் கணக்கு சொல்றாங்க. சம்பாதிச்ச காசுல சொந்த ஊருக்கு ஸ்கூல் கட்டினாரு, ஏழைங்க தங்க விடுதி கட்டினாரு, நிறைய தானம் பண்ணாரு. இத எட்டு வயசுக்கு சொல்லலாமாங்கிறீங்க. தாராளமா சொல்லலாம், சங்கிலி, சவுக்கு, கப்பலோட அடித்தளத்துல என்ன நடந்துச்சுங்கிற விவரமெல்லாம் இப்ப வேணாம், அதுக்கு வயசு இருக்கு. "மனுஷங்கள, குழந்தைங்களையும் சேத்து, பொருள் மாதிரி வித்தாரு, அந்தக் காசுல வேற குழந்தைங்களுக்கு ஸ்கூல் கட்டினாரு"ன்னு இந்த ஒரே வாக்கியம் போதும். நான் இத சொன்னப்பல்லாம் பசங்க ஒரு நிமிஷம் அமைதியாயிட்டு, "அப்ப வித்த குழந்தைங்களுக்கு ஸ்கூல்?"னு கேட்டுருக்காங்க, அதுக்கு மேல நான் விளக்க வேண்டி இருந்ததே இல்ல.

இதுல எனக்கு முக்கியமாப் படுறது வேற ஒரு நம்பர். அந்த சிலைய வெச்சது 1895-ல. மனுஷன் செத்து 174 வருஷம் கழிச்சு! பிரிட்டன் அடிமை வியாபாரத்த சட்டம் போட்டு நிறுத்தினது 1807, தன் காலனிகள்ல அடிமை முறையவே ஒழிக்க சட்டம் போட்டது 1833, அதுக்கெல்லாம் எத்தனையோ வருஷம் அப்புறம் ஒரு கோஷ்டி உக்காந்து யோசிச்சு நம்ம ஊருக்கு ஒரு முன்மாதிரி வேணும், தானம் பண்ற பணக்காரரா இருக்கணும்னு தேடி இவரத் தேர்ந்தெடுத்துருக்காங்க. பீடத்துல அவர ஊரோட ஒழுக்கமும் அறிவும் மிகுந்த மைந்தர்கள்ல ஒருத்தர்னும், ஊர் மக்கள் எடுத்த நினைவுச் சின்னம்னும் எழுதியாச்சு. ஊர் மக்கள் என்ன பண்ணாங்கன்னா பெருசா காசு கொடுக்கல, வசூல் பத்தாம திறப்பு விழாவுக்கு அப்புறமும் கமிட்டி காசு தேடிட்டு இருந்துச்சு. ஆக அந்தச் சிலை 1636-ல பொறந்த ஆளப் பத்தி சொல்றதவிட 1895-ல இருந்த சில பெரிய மனுஷங்களுக்கு என்ன புடிச்சுதுங்கிறதத்தான் அதிகமா சொல்லுது. "கெட்டவர்னா ஏன் வெச்சாங்க"ன்னு உங்க பொண்ணு கேட்டதுக்கு பதில் இதுதான், வெச்சவங்க வித்த மனுஷங்கள கணக்குலயே எடுத்துக்கல, தானத்த மட்டும் எண்ணுனாங்க.

அப்ப கோவம் வந்தா எதையும் உடைச்சுப் போடலாமான்னு அடுத்த கேள்வி வரும், வராம இருக்காது. இங்க நீங்க நேர்மையா இருக்கணும். பெரியவங்களே இதுல ஒத்துப் போகலன்னு சொல்லுங்க. அந்தச் சிலைய எடுங்கன்னு பல வருஷமா கேட்டுட்டு இருந்தாங்க, எடுக்கலன்னா உண்மைய எழுதி இன்னொரு பலகையாவது வைங்கன்னு கேட்டாங்க, பலகையில என்ன வார்த்தை போடுறதுன்னு சண்டை போட்டே அந்த முயற்சி நின்னு போச்சு. அதுக்கப்புறம்தான் கயிறு. இழுத்தவங்கள்ல நாலு பேர் மேல கேஸ் போட்டு 2022 ஜனவரில கோர்ட்ல ஜூரி அவங்க குற்றவாளி இல்லன்னு சொல்லிடுச்சு, அதையும் ஏத்துக்காதவங்க நிறைய பேர் இருக்காங்க. என் சொந்த அபிப்ராயம் கேட்டா, சபை கூடி முடிவு பண்ணி கிரேன் வெச்சு எடுக்கிறதுதான் எனக்குப் புடிக்கும், ஆனா மக்கள் அம்பது தடவ கேட்டும் சபை காதுல வாங்கலன்னா என்ன பண்றதுன்னு கேட்டா எங்கிட்ட பதில் இல்ல.

குழந்தைக்கு நான் கட்டாயம் சொல்ற பகுதி இனிமேதான். அந்தச் சிலைய நாலு நாள்ல தண்ணியில இருந்து வெளிய எடுத்துட்டாங்க. இப்ப அதே ஊர்ல எம் ஷெட்ங்கிற மியூசியத்துல இருக்கு, நிமித்தி வெக்கல, மேல அடிச்ச பெயிண்ட்டோட படுத்த வாக்குல வெச்சிருக்காங்க. வெண்கலச் சிலை உள்ள காலியாத்தான் இருக்கும், தட்டிப் பாத்தா டொங்குனு சத்தம் வரும் (எங்க மியூசியத்துல தொடக்கூடாதுன்னு போர்டு இருந்தும் எல்லாப் பசங்களும் தட்டுவாங்க, நான் கண்டுக்கிறது இல்ல). அப்படி கோல்ஸ்டன் சிலைய சேறு போக கழுவினப்ப, கோட்டோட வால் பகுதிக்குள்ள சுருட்டி வெச்ச ஒரு வாரப் பத்திரிகை கிடைச்சுது, 1895-ம் வருஷத்து இதழ். அதுல கையால சில பேருங்க எழுதியிருந்துச்சு. அந்தச் சிலைய அங்க பொருத்தின தொழிலாளிங்க பேரு! நூத்தி இருபத்தஞ்சு வருஷம் அவங்க பேரு உள்ள, அவரு பேரு வெளிய. இத சொல்றப்ப மட்டும் எந்தக் குழந்தையும் கவனம் சிதறி நான் பாத்ததில்ல.

சிலைய எடுத்தா வரலாற அழிச்ச மாதிரி ஆகாதான்னு பெரியவங்க கேப்பாங்க, உங்க வீட்டுலயும் யாராவது கேப்பாங்க. கோல்ஸ்டன் யாருன்னு 2020-க்கு முன்னாடி உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. வரலாறு புத்தகத்துலயும் ஆவணத்துலயும் மியூசியத்துலயும் இருக்கு, நாற்சந்தில பீடத்து மேல இருக்கிறது மரியாதை. மரியாதைய ஒரு தலைமுறை கொடுக்கும், இன்னொரு தலைமுறை திருப்பி வாங்கும், இதொண்ணும் புது வழக்கம் இல்ல. நியூயார்க்ல 1770-ல வெச்ச இங்கிலாந்து ராஜா மூணாம் ஜார்ஜ் சிலைய 1776 ஜூலை 9-ம் தேதி, சுதந்திரப் பிரகடனத்த வாசிச்ச அன்னைக்கே இழுத்துத் தள்ளி, அந்த ஈயத்த உருக்கி 42,088 துப்பாக்கி குண்டு பண்ணாங்க, குண்டை எண்ணி எழுதி வெச்சிருக்காங்க பாருங்க. சென்னைல மவுண்ட் ரோட்டுல 1861-ல வெச்ச நீல் துரை சிலை, 1857 எழுச்சிய அடக்குறேன்னு அலகாபாத்லயும் கான்பூர்லயும் அட்டூழியம் பண்ண ஆளு. 1927-ல அத எடுக்கச் சொல்லி போராடி ஜெயிலுக்குப் போனாங்க, 1937-ல எடுத்தாச்சு, இப்ப எழும்பூர் மியூசியத்துல நிக்குது. நீல எடுத்ததால 1857-ஐ யாரும் மறந்துடல.

இங்க ஒரு பொறி இருக்கு, நம்ம எல்லாரும் அதுல விழுவோம். வெள்ளக்காரன் சிலைய எடுத்தா நமக்கு சந்தோஷமா இருக்கும். கானா நாட்டுல அக்ரா பக்கம் ஒரு யுனிவர்சிட்டில 2016 ஜூன்ல காந்தி சிலை வெச்சாங்க, கொஞ்ச மாசத்துல அங்கத்த பேராசிரியர்களே இத எடுங்கன்னு மனு போட்டாங்க, 2018 டிசம்பர்ல எடுத்துட்டாங்க. காரணம், இளம் வக்கீலா தென்னாப்பிரிக்கால இருந்த காலத்துல ஆப்பிரிக்கர்களப் பத்தி கேவலமா அவரு எழுதின சில வரிகள். அவரு அப்படி எழுதினது உண்மை, பிற்காலத்துல அவரு நிறைய மாறினாருங்கிறதும் உண்மை, அவரால பின்னாடி எத்தனையோ கறுப்பின தலைவர்கள் உத்வேகம் வாங்கினதும் உண்மை. இத என் வகுப்புல சொன்னா பெரியவங்க முகம்தான் சுருங்குது, பசங்க ஈசியா எடுத்துக்கிறாங்க. ஒரே டீச்சர் ஒரு பிள்ளைக்கு ரொம்ப புடிச்சவங்களாவும் இன்னொரு பிள்ளைக்கு பயமாவும் இருக்கிறத அவங்க தினமும் பாக்குறாங்கல்ல. கானாக்காரங்க கேம்பஸ்ல யாருக்கு மரியாதைங்கிறத அவங்கதானே முடிவு பண்ணணும்.

ஒரு வாக்கியத்த மட்டும் தயவு செஞ்சு சொல்லிடாதீங்க, "அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்". வித்தவங்களும் அந்தக் காலம்தான், விக்கப்பட்டவங்களும் அதே காலம்தான், அவங்க ஒண்ணும் அத சரின்னு சொல்லல. எல்லாரும்னு சொல்றப்பவே அவங்கள எண்ணிக்கையில இருந்து தள்ளிடுறோம்.

அடுத்தது ஆம்பளை சிலைங்க. உங்க பொண்ணு சரியா கவனிச்சிருக்கா. லண்டன்ல நாடாளுமன்றம் எதிர்ல இருக்கிற சதுக்கத்துல 2018 ஏப்ரல் வரைக்கும் 11 சிலை, பதினொண்ணும் ஆம்பளைங்க. பன்னெண்டாவதாத்தான் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடின மில்லிசென்ட் ஃபாசெட் வந்தாங்க. நியூயார்க் சென்ட்ரல் பார்க் இன்னும் வேடிக்கை, அங்க கதைல வர்ற ஆலிஸுக்கு சிலை இருக்கு, ஜூலியட்டுக்கு இருக்கு, பால்டோன்னு ஒரு நாய்க்கு 1925-லயே சிலை இருக்கு, நிஜமா வாழ்ந்த பெண்ணுக்கு முதல் சிலை வந்தது 2020 ஆகஸ்ட்ல! அதுலயும் முதல் டிசைன்ல ரெண்டு வெள்ளைக்காரப் பெண்கள் மட்டும்தான் இருந்தாங்க, கேள்வி கேட்டதுக்கு அப்புறம்தான் அடிமையாப் பொறந்து ஊர் ஊரா பேசின சோஜர்னர் ட்ரூத்த சேத்தாங்க. பெண்கள் ஒண்ணும் பண்ணலன்னு அர்த்தம் இல்ல, கமிட்டில யாரு உக்காந்திருந்தாங்க, பாக்கெட்டுல யாருகிட்ட காசு இருந்துச்சுன்னு அர்த்தம். காசு எவ்ளோ முக்கியம்னா, லண்டன் டிராஃபல்கர் சதுக்கத்துல நாலு பீடத்துல ஒண்ணு, ஒரு ராஜாவுக்காகக் கட்டினது, காசு பத்தாம நூத்தம்பது வருஷத்துக்கு மேல வெறும் பீடமாவே நின்னுச்சு. 1999-ல இருந்து அதுல மாத்தி மாத்தி ஏதாவது கலைப்படைப்பு வெக்கிறாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச ஏற்பாடு அது, கொஞ்ச காலம் வெச்சுப் பாத்துட்டு இறக்கிடலாம், யாரும் கயிறு தேட வேண்டாம்.

நடுவுல ஒண்ணு. குதிரை மேல உக்காந்த சிலைல குதிரை ஒரு கால தூக்கியிருந்தா காயம், ரெண்டு கால தூக்கியிருந்தா போர்ல மரணம்னு ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துதுல்ல, அத குழந்தைக்கு சொல்லிக் கொடுத்துடாதீங்க, அப்படி ஒரு விதியே கிடையாது. வாரம் ஒரு அப்பாவாவது எங்கிட்ட வந்து அத விளக்கிட்டுப் போறாரு.

முன்னாடி பால்டோ நாயப் பத்தி சொன்னேன்ல, அதுல இன்னொண்ணு ஞாபகம் வருது. திருவண்ணாமலை பக்கம் எடுத்தனூர்ல ஒரு நடுகல், பல்லவ மகேந்திரவர்மன் காலம், ஆயிரத்து நானூறு வருஷம் ஆகப் போகுது. மாடுகளக் காக்கப் போயி செத்த ஒரு வீரன், பக்கத்துலயே அவனோட நாய். ரெண்டு திருடங்களக் கடிச்சு, எஜமானுக்குக் காவலா இருந்துச்சுன்னு கல்லுல எழுதியிருக்கு, நாயோட பேரும் இருக்கு, கோவிவன். ஜப்பான்ல செத்துப் போன எஜமானுக்காக ஷிபுயா ஸ்டேஷன்ல வருஷக்கணக்கா காத்திருந்த ஹச்சிகோங்கிற நாய்க்கு அங்கயே 1934-ல சிலை திறந்தப்ப அந்த நாயே விழாவுக்கு வந்திருந்துச்சு, யுத்தத்துல உலோகத்துக்காக அத உருக்கிட்டாங்க, 1948-ல பழைய சிற்பியோட மகன் புதுசா செஞ்சு வெச்சாரு. உங்க பொண்ணு வயசுக்கு இந்த நாய்க் கதையில இருந்து ஆரம்பிக்கிறதுகூட நல்லதுதான், ஏன்னா கோவிவன் ராஜா இல்ல, பணக்காரன் இல்ல, பெருசா எதையும் கட்டல.

இன்னொரு மாதிரியையும் காட்டுங்க, நெட்டுல படம் கிடைக்கும். ஜெர்மனில குன்டர் டெம்னிக்னு ஒரு கலைஞர் 1990-கள்ல ஆரம்பிச்சது. நாஜிகள் கொன்னவங்க கடைசியா விரும்பி வாழ்ந்த வீட்டு வாசல்ல, நடைபாதைல பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்ல ஒரு பித்தளைக் கல்லு. பேரு, பொறந்த வருஷம், எங்க கொண்டு போனாங்க, என்ன ஆச்சு, அவ்ளோதான். தடுக்கி விழுற கல்லுன்னே அதுக்குப் பேரு. ஐரோப்பா முழுக்க 1 லட்சத்துக்கு மேல பதிச்சாச்சு. படிக்கணும்னா குனிஞ்சுதான் ஆகணும். சிலைன்னா அண்ணாந்து பாக்குறதுன்னு பழகின குழந்தைக்கு இது பெரிய ஆச்சரியமா இருக்கும்.

கடைசி கேள்வி, "உனக்கு ஏம்மா சிலை இல்ல". "நான் அவ்ளோ பெரிய ஆள் இல்லடா"ன்னு அடக்கமா நழுவிடாதீங்க. அவகிட்டயே ஒப்படைங்க. ஒரு செருப்பு டப்பாவ பீடமா வெச்சுக்கச் சொல்லுங்க, களிமண்ணோ பேப்பரோ, அவளுக்குத் தோணுற ஆள செய்யட்டும். சங்கப் பாட்டுலயே நடுகல்லுல "பெயரும் பீடும்" எழுதினதா வருது, பேரு எழுதுறது சுலபம், பீடு, அதாவது பெருமை, எழுதுறப்பதான் தகராறு வரும், அதனால டப்பாவுக்கு முன்னாடி ரெண்டே வரி, அதுல ஒரு வரி அந்த ஆள் பண்ணின தப்பா இருக்கணும்னு ஒரு ரூல் போடுங்க. உங்களுக்கு வெச்சான்னா அந்த ரெண்டாவது வரிய படிக்க தைரியமா இருங்க. எங்க மியூசியத்துல இத பண்ண வெச்சப்ப ஒரு பாப்பா தன் பாட்டிக்கு சிலை வெச்சு, "எனக்குக் கத சொல்லும். அம்மாவ திட்டும்"னு எழுதிருந்தா. பாட்டி கூடத்தான் வந்திருந்தாங்க, படிச்சுட்டு ரொம்ப நேரம் கண்ணாடியவே தொடச்சுட்டு இருந்தாங்க.

அந்த ரவுண்டானா தாத்தா விஷயத்துல முன்னாடி சொன்னத வாபஸ் வாங்கிக்கங்க. "அம்மாவுக்கும் தெரியல, வா இறங்கிப் பாப்போம்"னு கூட்டிட்டுப் போங்க. பீடத்த ஒரு சுத்து சுத்தி வாங்க, பேரு முன்பக்கம் இருக்கும், யாரு வெச்சது யாரு திறந்தது எந்த வருஷம்ங்கிறது பெரும்பாலும் பக்கவாட்டுலயோ பின்னாடியோதான் இருக்கும், எழுத்து அழுக்கேறி இருந்தா ஒரு பேப்பர வெச்சு பென்சில படுக்க வெச்சுத் தேய்ங்க, எழுத்து எந்திரிச்சு வரும், அந்த வேலைய அவகிட்ட கொடுத்துருங்க. ஞாயித்துக்கிழமை காலைல போனீங்கன்னா வண்டி கம்மியா இருக்கும், ரோட்ட கிராஸ் பண்றப்ப மட்டும் அவ கைய விட்டுறாதீங்க.